வில்வண்டி முதல் லாரி வரை: ஸ்பிரிங் பட்டையும் உயரம் கூட்டும் கட்டையும்

லாரி, பிக்கப் போன்ற சரக்கு வண்டிகளில் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் இடையிலோ, ஸ்பிரிங்குக்கும் வண்டிச் சட்டத்துக்கும் இடையிலோ செருகப்படும் உலோகத் துண்டு ஸ்பேசர் எனப்படும். பட்டறைப் பேச்சில் இது கட்டை அல்லது பேக்கிங். தரையிலிருந்து வண்டியின் உடல் நிற்கும் உயரத்தைக் கூட்டுவதே இதன் வேலை. இரண்டு அங்குலக் கட்டை வைத்தால் இரண்டு அங்குல உயரம் கிடைக்கும், அத்துடன் கணக்கு தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் வண்டியின் உயரமும் சக்கரம் பார்க்கும் திசையும் தனித்தனியானவை அல்ல. ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் நகரும். மாட்டு வண்டியில் வில் புகுந்த காலத்திலிருந்து இன்றைய பிக்கப் வரை இந்த உறவு எப்படி வளர்ந்தது என்பதைப் பெரம்பலூர் மாவட்டம் எறையூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து இக்கட்டுரை கூறுகிறது.

எறையூரும் அதன் சுமைகளும்

எறையூர் பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்கு அருகில் உள்ள ஊர். பொதுத்துறையைச் சேர்ந்த பெரம்பலூர் சர்க்கரை ஆலை இங்குதான் இயங்குகிறது. 1970களில் தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் துணை நிறுவனமாக உருவான இந்த ஆலை, அதுவரை மானாவாரிப் பயிர்களுக்கே பெயர் பெற்றிருந்த வட்டாரத்தில் கரும்பை ஒரு முதன்மைச் சுமையாக்கியது. அரவைக் காலத்தில் மாட்டு வண்டி, டிராக்டர், லாரி எல்லாம் ஆலையை நோக்கி வரும்.

கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் சுமை வேறு. கிரெட்டேசியஸ் காலக் கடலின் எச்சமான சுண்ணாம்புக்கல் அங்கே பூமிக்கு அருகிலேயே கிடைக்கிறது. 1939இல் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை தொடங்கியது. 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகள் பல வந்தன. கல் ஏற்றிய டிப்பர்கள் அந்தச் சாலைகளின் அன்றாடக் காட்சி.

இந்த இரண்டு சுமைகளும் ஸ்பிரிங்கிடம் எதிரெதிரானவற்றைக் கேட்கின்றன. கரும்பு இடத்தை அடைக்கும் பொருள். எடைக்கு ஏற்ற அளவு ஏற்ற வேண்டுமானால் அடுக்கு மேலே மேலே போகும். வயலுக்குள் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் வண்டியின் அடிப்பகுதி மண்ணில் தட்டாமல் இருக்கவும் வேண்டும். சுண்ணாம்புக்கல்லோ குறைந்த இடத்திலேயே எடையைக் கொடுத்துவிடும். அங்கே உயரமல்ல, பட்டை தாங்குமா என்பதே கேள்வி. ஆகவே ஒருவர் கட்டை வைக்க நினைப்பார், மற்றவர் கூடுதல் பட்டை சேர்க்க நினைப்பார். இரண்டும் ஒன்றே என்று பலர் கருதுவதுண்டு. ஒன்றல்ல என்பதைப் பின்னர் காணலாம்.

வில் இல்லாத காலம்

பழைய கட்டை வண்டியில் உயரத்தைத் தீர்மானித்தது சக்கரம் ஒன்றுதான். அச்சின்மேல் வண்டிப் பார் நேராக அமர்ந்திருந்தது. கரிசல் மண்ணில் மழைக்குப் பின் வண்டி புதையாமல் போக வேண்டுமானால் பெரிய வட்டையைப் போடுவது தவிர வேறு வழி இல்லை. பெரம்பலூர்ப் பகுதியின் கரிசல் ஈரத்தில் உப்பிச் சக்கரத்தை விழுங்கும் தன்மை கொண்டது என்பதை அந்த மண்ணில் வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள். சக்கரம் நேராக ஓடுவதற்குத் தச்சர் பொறுப்பு; குடமும் அச்சும் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், தேய்ந்து ஆடும்வரை மாறுவதில்லை. திசையை மாட்டின் கழுத்து பார்த்துக்கொண்டது.

கோயில் தேர் இன்னும் கடினமான நிலை. மாடும் இல்லை, திரும்பும் அச்சும் இல்லை. அதனால் சக்கரத்தின் முன்னே முட்டுக்கட்டை போட்டுத்தான் தேரைத் திருப்புகிறார்கள். ஒரு மரத்துண்டின் சரிவு, பல டன் எடையுள்ள தேரின் போக்கை மாற்றிவிடுகிறது. சரியான இடத்தில் வைத்த சிறு ஆப்பு திசையை மாற்றும் என்ற அறிவு ஊருக்குப் புதிதல்ல.

வில்வண்டி

எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வில்போல வளைத்து வண்டியின் கீழ் பொருத்தும் முறை ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. 1804இல் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் நீள்வட்ட வடிவ வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் வண்டியின் அடியில் இருந்த கனமான நீள உத்திரத்தை நீக்கி, வில்லின்மேல் உடலை நேரடியாக அமர்த்த அது வழிசெய்தது. சில ஆண்டுகளுக்குள் திருப்பும் அச்சின் சிக்கலும் தீர்ந்தது. மியூனிக் நகர வண்டி செய்பவரான கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர், வளைவில் உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்பும் அமைப்பை உருவாக்கினார். அவருக்காக 1818இல் இலண்டனில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மேன். அமைப்புக்கு நிலைத்தது ஆக்கர்மேனின் பெயர். செய்தவரின் பெயர் நூல்களின் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிட்டது.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்த வில் ஏறிய மாட்டு வண்டியே வில்வண்டி. சரக்குக்கு அல்ல, ஆட்கள் செல்வதற்கு. பண்ணையாரும் மிராசுதாரும் வைத்திருந்த வண்டி என்பதால் அது ஒரு தகுதிச் சின்னமாகவே இருந்தது. 1893இல் திருவிதாங்கூரில், தாழ்த்தப்பட்டோர் பொதுச்சாலையில் நடக்கவே தடை இருந்த நாளில், அய்யன்காளி வில்வண்டி ஒன்றை வாங்கி அந்தச் சாலையிலேயே ஓட்டிச் சென்றார். அவர் கட்டை வண்டியில் போகவில்லை, வில்வண்டியில் போனார் என்பதற்குப் பொருள் உண்டு.

இயந்திரவியல் நோக்கில் வில்வண்டி கொண்டுவந்த மாற்றம் சொகுசு மட்டுமல்ல. முதன்முறையாக வண்டியின் உடலும் அச்சும் தனித்தனியே அசையத் தொடங்கின. அச்சின்மேல் வில்லை வைத்தால் உடல் உயரும். அச்சின்கீழ் வில்லைத் தொங்கவிட்டால் தாழும். சக்கரத்தை மாற்றாமலே உயரத்தை மாற்ற முடியும் என்ற வாய்ப்பு இங்கே பிறந்தது. உயரம் கூட்டும் கட்டையின் முன்னோர் இதுதான். மாட்டு வண்டியில் இதனால் தீங்கு எதுவும் நேரவில்லை, ஏனெனில் அங்கே அச்சைத் திருப்பும் கம்பிகள் எவையும் உடலோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. மோட்டார் வண்டியில் இணைக்கப்பட்டன.

பாதி வண்டியாக வந்த லாரி

சென்னையின் சிம்சன் நிறுவனம் 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்தது. 1911இல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம் அடுத்த ஆண்டே பேருந்து ஓட்டியது. ஆனால் இன்று நாம் காணும் லாரியின் வரலாறு விடுதலைக்குப் பிறகே தொடங்குகிறது. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார் பொருத்தியது. பிரிட்டனின் லேலண்டோடு இணைந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் டெல்கோ, ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. லேலண்டின் பல அச்சு லாரியான டாரஸ் எவ்வளவு பரவியது என்றால், எந்த நிறுவனத்தின் பெரிய லாரியையும் தமிழில் டாரஸ் லாரி என்றே இன்றும் சொல்கிறோம்.

இந்த லாரிகள் ஆலையிலிருந்து முழுமையாக வரவில்லை என்பது நம் பொருளுக்கு முக்கியம். வந்தது சேசிஸ் மட்டும்: சட்டம், எஞ்சின், அச்சு, ஸ்பிரிங். கேபினும் சரக்குப் பெட்டியும் நாமக்கல் போன்ற ஊர்களின் பாடி கட்டும் கூடங்களில் ஏறின. வாங்குகிறவர் தன் சரக்குக்கு ஏற்றபடி வண்டியை முடித்துக்கொள்வது இயல்பான வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தில் பெட்டியின் பக்கப் பலகையை உயர்த்துவதும் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுவதும் ஒரே வரிசையில் நின்றன. பலகை கண்ணுக்குத் தெரியும், விளைவும் தெரியும். ஸ்பிரிங்கில் கை வைத்ததன் விளைவு பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து டயரில்தான் தெரியும். நாமக்கல் கூடங்களைக் குறை சொல்வது பொருந்தாது. ஆலைகளே பாதி வண்டியை விற்ற காலம் அது.

கட்டையும் பட்டையும்

லாரியின் பின்னச்சு ஒரே துண்டான கனத்த குழல். அதன்மேல் ஸ்பிரிங் கட்டு அமர்ந்திருக்கும். பட்டைகளை ஒன்றாகப் பிடிப்பது சென்டர் போல்ட். கட்டை அச்சோடு இறுக்குவது யூ போல்ட். சென்டர் போல்டின் தலை அச்சின்மேல் உள்ள குழியில் உட்கார்ந்து, அச்சு முன்னும் பின்னும் நகராமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் 75 மில்லிமீட்டர் கட்டை செருகினால் வண்டியின் பின்புறம் அதே 75 மில்லிமீட்டர் உயரும். காலியாக இருந்தாலும் சுமையேற்றி இருந்தாலும் அந்தக் கூடுதல் அப்படியே நிற்கும்; ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. கூடுதல் பட்டை சேர்த்தால் நடப்பது வேறு. ஸ்பிரிங் விறைக்கும், அதனால் சுமையில் குறைவாக அமுங்கும். காலி வண்டியோ குதிக்கும். ஓட்டுநரின் முதுகுக்கு அது தெரியும், சாலைக்கும் தெரியும். சுமை தாங்க வேண்டியவருக்குக் கட்டை உதவாது. உயரம் மட்டும் வேண்டியவருக்குப் பட்டை தேவையற்ற விறைப்பு.

பின்னச்சு ஒரே துண்டு என்பதால் கட்டை வைத்தாலும் பின்சக்கரங்களின் சாய்வு மாறாது. இதைக் கொண்டுதான் லாரிக்கு அலைன்மென்ட் பிரச்சினையே வராது என்று சொல்லப்படுகிறது. உண்மையில் அது மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது முன்சக்கரத்தில். கட்டை வைத்தது பின்னால், மாறுவது முன்னால் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4.2 மீட்டர் உள்ள லாரியின் பின்புறத்தை 75 மில்லிமீட்டர் உயர்த்தினால் சட்டம் முழுவதும் ஏறத்தாழ ஒரு டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது. முன்னச்சு சட்டத்தோடு இணைந்திருப்பதால் அதுவும் அதே அளவு உருள்கிறது. கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமே கேஸ்டர். சைக்கிளில் கையை எடுத்தாலும் முன்சக்கரம் நேராக நிற்க முயல்வதற்கு முன்முட்கரண்டியின் சாய்வு துணைசெய்வதுபோல, லாரி வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதற்குக் கேஸ்டர் காரணம். லாரிகளில் அது சில டிகிரிகள் மட்டுமே. அதில் ஒரு டிகிரி போய்விட்டால் ஸ்டியரிங் இலேசாகும், நேர்ச்சாலையில் அலையும். நெடுஞ்சாலையில் இரவு முழுக்க ஓட்டுகிறவர் அந்த அலைச்சலைத் தன் தோளால் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

இரண்டாவது, அச்சு அமரும் இடம். கட்டையின் அடிமுளையோ குழியோ சற்றுத் தளர்ந்திருந்தால், அல்லது நீளமான புது யூ போல்டுகள் சில நாள் ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்கப்படாவிட்டால், அச்சின் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் பின்வாங்கும். வண்டி நேராகப் போவதுபோல் தோன்றினாலும் உடல் கோணலாக ஓடும். இரட்டைப் பின்னச்சு கொண்ட டாரஸில் இரண்டு அச்சுகளும் இணையாக இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே ஓடும்.

மூன்றாவது, ஸ்டியரிங் கம்பி. முன்னச்சிலும் கட்டை வைத்தால் சட்டத்தோடு இருக்கும் ஸ்டியரிங் பாக்ஸ் மேலே போகும், அச்சோடு இருக்கும் கை கீழேயே நிற்கும். இரண்டையும் இணைக்கும் டிராக் லிங்க் சரிவாகும். அதன்பின் சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி வளைவான பாதையில் அசைந்து, ஓட்டுநர் கேட்காமலே சக்கரத்தைச் சிறிது திருப்பும். முன்னச்சில் கட்டை வைப்பதற்கு வேறொரு வலுவான தடையும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது அச்சு உருளப் பார்க்கும் விசையைக் கட்டை நெம்புகோல்போலப் பெருக்கிப் பட்டைகளுக்கும் யூ போல்டுகளுக்கும் கொடுக்கிறது. அங்கே அது கழன்றால் ஸ்டியரிங்கே கையை விட்டுப் போகும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டைகளை அடுக்குவதும் இதே காரணத்தால் ஆபத்து, பின்னச்சிலும்கூட.

இதற்கான பணம் டயரிலிருந்து போகிறது. லாரி டயரின் விட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒரு சக்கரத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நேர்கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் மட்டும் விலகியிருந்தால், அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். திருச்சியிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் ரப்பர் தாரில் உரசியிருக்கும். பெரம்பலூரை அடுத்த நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை டயர் செய்துகொண்டிருக்கிறது; வாசலில் ஓடும் சாலையில் கோணல் அச்சுகள் அதைத் தின்றுகொண்டிருக்கின்றன. சொந்தமாக ஒரே வண்டி வைத்து ஓட்டுகிறவருக்கு இது சிறிய செலவு அல்ல.

டயரைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் உண்டு. வண்டி கவிழாமல் எவ்வளவு வேகமாக வளையலாம் என்பது, சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்தால் தோராயமாகத் தெரியும். அகலம் 1.8 மீட்டர், கரும்பு ஏற்றிய லாரியின் எடைமையம் 2 மீட்டர் உயரம் என்று கொண்டால் விடை 0.45. கட்டையால் 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் 0.43. ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைவு. தாழ்வாக அமர்ந்த சுண்ணாம்புக்கல் வண்டிக்கு இந்தக் குறைவைத் தாங்க இடம் உண்டு. ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் கரும்பு வண்டிக்கு இல்லை. உயரம் தேவைப்படுவது கரும்பு வண்டிக்கு என்பதுதான் இதில் உள்ள முரண்.

பிக்கப் வண்டிகளின் வேறு கணக்கு

லாரியைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே பிக்கப்புக்குப் பொருத்த முடியாது. ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் போன்ற வண்டிகளில் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் முன்னால் தனித்தனியாக அசையும் சக்கரங்களும் உள்ளன. முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும். சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கீழ்க்கையின் நடுப்பகுதியில் நிற்கும்.

அதனால் அங்கே நெம்புகோல் கணக்கு வருகிறது. ஸ்பிரிங்கின் தலையில் 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தருகே உயரம் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை கூடலாம். போட்ட கட்டையைவிடக் கிடைத்த உயரம் அதிகம் என்று மகிழ்வதற்கு முன், இரண்டு கைகளும் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதைப் பார்க்க வேண்டும். கைகளின் நீளம் வெவ்வேறு என்பதால் சக்கரத்தின் சாய்வான கேம்பர் மாறும். டை ராடின் சரிவால் டோ மாறும், பெரும்பாலும் கேஸ்டரும் குறையும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியானால் முன்அச்சுத் தண்டுகளின் மூட்டுகள் அதிகக் கோணத்தில் சுழன்று விரைவில் தேயும். ஷாக் அப்சார்பரின் நீளம் மாறாமலிருக்க அதன் இருப்பிடம் மட்டும் கீழே இறங்குவதால், சக்கரம் தொங்கும்போது பால் ஜாயிண்டுகள் தங்கள் எல்லையைத் தாண்டி இழுபடும்.

சிறிய ஸ்பேசருக்கு வீல் அலைன்மென்ட் செய்தால் கோணங்களைத் திரும்பக் கொண்டுவர முடியும். உயரம் கூடக் கூடச் சரிசெய்யும் போல்டின் வரம்பு தீர்ந்துபோகும். அப்போது மேல்கையையே மாற்ற வேண்டிவரும். லாரியின் பின்புறத்தை உயர்த்தியவர்களுக்கும் ஒரு பழைய மருந்து இருக்கிறது. முன்னச்சுக்கும் பட்டைக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு ஒன்றைச் செருகி, இழந்த கேஸ்டரைத் திரும்பப் பெறலாம். தேருக்குப் போடும் முட்டுக்கட்டையின் உறவினர் அது.

எடையும் சட்டமும்

2018 ஜூலையில் ஒன்றிய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. இரட்டை அச்சுக்கு 19 டன் 21 டன் ஆனது. கூடுதல் பட்டை போட்டு ரகசியமாக ஏற்றிய எடையில் ஒரு பகுதி இதனால் சட்டத்துக்குள் வந்தது. சாலைக்கு அது இலேசானதல்ல. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு தோராய விதியைக் கையாள்கிறார்கள்: அச்சு எடை கூடும் விகிதத்தின் நான்காம் அடுக்காகச் சாலைச் சேதம் கூடும். 10.2இலிருந்து 11.5க்குப் போவது எடையில் 13 விழுக்காடு. சேதத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு.

வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றி 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என வகுத்தது. அதிக எடை ஏற்றினால் 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

எடை மேடையில் அதிக எடை பிடிபடும். பட்டைக்கு நடுவே இருக்கும் கட்டை எடை மேடையில் தெரியாது; தகுதிச் சான்றுக்கு வண்டி போகும்போது குனிந்து பார்ப்பவர் இருந்தால் மட்டுமே தெரியும். கட்டை வைத்தே ஆக வேண்டிய நிலையில் பட்டறையில் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு: மரமோ வெட்டிய இரும்புத் துண்டோ அல்லாமல் வார்த்த ஒரே துண்டுக் கட்டை, அதற்கேற்ற நீளத்தில் புது யூ போல்டுகள், சில நூறு கிலோமீட்டருக்குப் பின் அவற்றின் மறுஇறுக்கம், முன்சக்கரத்துக்குக் கேஸ்டர் அளவு உட்பட முழு அலைன்மென்ட். இவற்றில் கடைசியானதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், பின்னால் வைத்த கட்டைக்கு முன்னால் ஏன் அளக்க வேண்டும் என்று.

உயரத்தைக் கட்டை இல்லாமலே மாற்றும் வழியும் வந்துவிட்டது. பேருந்துகளில் பரவிவரும் காற்று ஸ்பிரிங், சுமை கூடினால் காற்றைக் கூட்டி ஒரே உயரத்தில் நிற்கிறது. சென்னைப் பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனம் அவற்றைச் செய்கிறது. கரும்பு வயலுக்கு அது இன்னும் வரவில்லை. அங்கே இழுவை டிராக்டரின் பின்னால் வரும் டிரெய்லர்கள் பலவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது, பழைய கட்டை வண்டியைப் போலவே.